மலையகத்தில் இருந்துகொண்டு உயிர்ச்சுவடும் கூர்ப்பும் படிக்கலாமா?

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம். பேராதனையில் விஞ்ஞான பீடம், உயிரியல் பிரிவு, இரண்டாம் வருடம். உயிர்ச்சுவடுகளை வைத்துக் கூர்ப்பைப் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. ஆனால் மலையகத்தில் உயிர்ச்சுவடே கிடையாது, வெளிநாடு போனால்தான் உண்டு என்கிறார்கள். இப்போது தோண்டுவதைவிடக் கணினியில் பகுப்பாய்வு செய்வதுதான் அதிகம் என்றும் கேள்விப்பட்டேன். அது என்ன மாதிரியான வேலை? எங்கே கற்கலாம்? எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. வீட்டில் செலவழிக்கவும் வசதி இல்லை. படித்தால் வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார்.

பதில்:

தங்கச்சி, உங்களிடம் சொன்னவர்கள் பாறையைப் பற்றிச் சொன்னது சரி. மற்றது சரியில்லை. முதலில் பாறைக் கதையை முடித்துவிடுவோம்.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியனுக்கு முற்பட்ட உருமாறிய பாறை. மலையகத்தின் பெரும்பகுதி அதிலே ஹைலண்ட் தொகுதி என்ற பிரிவுக்குள் வருகிறது. இந்தப் பாறைகளில் ஒரு பகுதி ஆதியில் மணலும் சேறும் சுண்ணாம்புமாகத்தான் படிந்தது. சுமார் 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அவை பூமிக்கடியில் 20, 30 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போய் 700 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் வெந்து உருமாறின. ஓடும் கூடும் உள்ள விலங்குகள் உலகக் கடல்களில் பரவலாகத் தோன்றியதே ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கற்பாறையை உடைத்து எலும்பு தேடுவதில் பயனில்லை.

ஆனால் உயிர்ச்சுவடு என்றால் பாறைக்குள் இருக்கிற எலும்பு மட்டுமில்லை. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிய பீட் மண்ணில் சுமார் 24,000 ஆண்டு மகரந்தமணிகள் இருக்கின்றன. அவற்றை எண்ணித்தான் பனியுகக் காலத்தில் நம் மலை எப்படி வறண்டிருந்தது, பருவமழை எப்போது பலத்தது என்று ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஹட்டனில் இருந்து கொழும்பு போகும் பஸ் கித்துல்கலையைக் கடந்துதானே போகிறது? அங்கே பெலிலென குகையில் பனியுக மனிதரின் எச்சங்கள் கிடைத்தன. மலையிலிருந்து இறங்கினால் இரத்தினபுரி. அங்கே மாணிக்கக் குழிகளின் ‘இல்லம்’ என்ற சரளைப் படையிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாம் வந்தன. புத்தளம் மாவட்டத்துக்குப் போனால் தப்போவையில் ஜுராசிக் காலத் தாவரங்கள், அருவக்காலுவில் மயோசீன் காலக் கடல் உயிர்கள். நாடு சின்னது, ஒரு நாள் பயணத்துக்குள் இவ்வளவும் இருக்கிறது.

சரி, பகுப்பாய்வு என்றால் என்ன?

உயிர்ச்சுவட்டுப் பதிவு குறைபாடு உள்ளது என்று டார்வின் காலத்திலேயே தெரியும். குறைபாடு இருக்கிறது என்று புலம்புவதை விட்டுவிட்டு, எவ்வளவு குறைபாடு, அது நம் முடிவை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்று கணக்கிட ஆரம்பித்ததில்தான் இன்றைய துறை பிறந்தது. 1972இல் டேவிட் ரௌப் என்ற உயிர்ச்சுவட்டியலாளர் ஒரு சங்கடமான கேள்வியைக் கிளப்பினார். காலம் செல்லச் செல்லக் கடல்வாழ் இனங்கள் பெருகியதாக நாம் காண்பது உண்மையான பெருக்கமா, அல்லது அண்மைக் காலப் பாறை அதிகமாக மிஞ்சியிருப்பதால் வந்த தோற்றமா? அதன் பின் ஜாக் செப்கோஸ்கி நூலகம் நூலகமாக உட்கார்ந்து கடல் விலங்குக் குடும்பங்களின் தோற்றமும் மறைவும் எந்தக் காலம் என்று தொகுத்தார். அந்தப் பட்டியலை வைத்து இருவரும் 1982இல் காட்டியவைதான் நாம் உயர்தரத்தில் படிக்கிற ஐந்து பேரழிவுகள். இரண்டு பேருக்கும் இந்தக் கண்டுபிடிப்பில் உளி, சுத்தியலுக்கு வேலை இருக்கவில்லை.

ரௌப்பின் கேள்விக்குப் பதில் தேடப் பிறந்த முறைதான் மாதிரியைச் சமப்படுத்துவது. ஒரு மலையில் நாற்பது பேர் கொழுந்து எடுக்கிறார்கள், அடுத்த மலையில் பத்துப் பேர். பின்னேர நிறுவையை மட்டும் பார்த்து முதல் மலையில்தான் விளைச்சல் அதிகம் என்று எந்தக் கங்காணியும் சொல்லமாட்டார். ஆனால் ஐரோப்பாவில் இருநூறு ஆண்டு தோண்டிய படையையும், ஒரே ஒரு தடவை யாரோ எட்டிப் பார்த்த ஆசியப் படையையும் வைத்துக்கொண்டு எங்கே இனங்கள் அதிகம் என்று நம் துறையில் நெடுங்காலம் ஒப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய தீர்வு, எல்லா இடத்திலும் ஒரே எண்ணிக்கையான மாதிரிகளை எழுந்தமானமாக எடுத்து ஒப்பிடுவது. இனங்கள் நிறைந்த இடத்தை அது குறைத்துக் காட்டும் என்பது பின்னால் தெரிந்தது. 2010இல் ஜோன் அல்ரோய் வேறு வழி சொன்னார்: எண்ணிக்கையை விடுங்கள், நிறைவைச் சமப்படுத்துங்கள். அந்தச் சமூகத்தின் மொத்தத் தனியன்களில் எத்தனை வீதம் நாம் ஏற்கெனவே கண்ட இனங்களைச் சேர்ந்தவை என்பதுதான் இங்கே நிறைவு. அதை மதிப்பிடுவது ஒரு வரிக் கணக்கு. 200 மாதிரி எடுத்தீர்கள், அதில் ஒரே ஒரு தடவை மட்டும் தலைகாட்டிய இனங்கள் 10 என்றால், 10ஐ 200ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழியுங்கள். 0.95, அதாவது நிறைவு 95 வீதம். கணக்கு வராது என்று எழுதினீர்களே, இதுவும் அந்தக் கணக்குத்தான்.

இன்னொன்றையும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு நம் மலைகளோடு நேரடித் தொடர்பு உண்டு. ஒரு இனத்தின் கடைசி உயிர்ச்சுவடு கிடைத்த படையின் காலம் அந்த இனம் அழிந்த காலம் அல்ல. கடைசி உயிர் செத்த இடத்தில் அதே உயிர் உயிர்ச்சுவடாகி நம் கையில் அகப்படுவது அநேகமாக நடக்காது. ஆகவே எல்லா இனமும் ஒரே நாளில் அழிந்திருந்தாலும், பதிவில் அரிதான இனங்கள் முன்னாலும் பரவலான இனங்கள் பின்னாலும் மறைந்து, படிப்படியாக அழிந்ததுபோலத் தெரியும். 1982இல் இதை விளக்கிய இருவரின் பெயரால் சிக்னர்-லிப்ஸ் விளைவு என்கிறார்கள்.

அப்படியானால் உண்மையான முடிவு எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாம்? 1989இல் ஸ்ட்ரௌஸ், சாட்லர் இருவரும் தந்த வழி இது. ஒரு பாறைப் பகுதியில் அந்த இனம் எத்தனை படைகளில் கிடைத்தது என்று எண்ணி, அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 20 என்ற எண்ணுக்கு (95 வீத நம்பிக்கை என்றால் தவறும் வாய்ப்பு இருபதில் ஒன்று) அத்தனையாவது மூலம் எடுத்து, விடையிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். கிடைக்கும் பின்னத்தை, அந்த இனம் காணப்பட்ட மொத்த உயரத்தால் பெருக்குங்கள். 95 வீத நம்பிக்கையோடு அந்த இனம் அவ்வளவு மேலே வரை நீண்டிருக்கலாம். 10 மீற்றர் உயரத்தில் 10 படைகளில் கிடைத்தால் 20இன் 9ஆம் மூலம் 1.395, ஆகவே இன்னும் 4 மீற்றர்வரை போகலாம். அதே 10 மீற்றரில் 5 படைகளில் மட்டும் கிடைத்தால் 4ஆம் மூலம் 2.115, இன்னும் 11 மீற்றர். 20 படை என்றால் 2 மீற்றருக்கும் குறைவு. படைகள் சீராக, எழுந்தமானமாகப் பரவியிருக்கின்றன என்ற எடுகோள் இதற்குள் ஒளிந்திருக்கிறது. நிஜத்தில் அது அடிக்கடி பொய்க்கும். சூத்திரத்தைப் பாடமாக்குவதைவிட அந்த எடுகோள் எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

இப்போது ஒரே ஒரு பதிவு மட்டும் இருந்தால்? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூச்சியம், பூச்சியமாவது மூலம் என்று ஒன்று இல்லை. சூத்திரமே கையை விரித்துவிடும். 1853இல் கெலார்ட் என்பவர் நுவரெலியாவிலிருந்து ஒரு சிறு மரத்தவளையை விபரித்தார். இன்றைய பெயர் சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ். அதன் பிறகு 150 ஆண்டுக்கு மேலாக அதை யாரும் காணவில்லை, அழிந்த இனமென்று பட்டியலிலும் ஏறிவிட்டது. 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு கண்டார்கள். உலகில் அழிந்ததாகப் பட்டியலிட்ட தவளைகளில் பெரும் பங்கு இலங்கைத் தவளைகள். அவற்றில் பலவற்றுக்கு பழைய நூதனசாலைப் போத்தல்களில் கிடக்கும் சில உடல்களைத் தவிர வேறு பதிவு இல்லை. கோப்பிக்கும் பின் தேயிலைக்கும் காடு வெட்டப்பட்ட அதே மலைகளின் தவளைகள் அவை. வெட்டியது நம் பூட்டன்மாரின் கைகள்தான், வெட்டச் சொன்னது வேறு ஆட்கள் என்றாலும். எந்த இனம் உண்மையிலேயே போனது, எது இன்னும் ஒளிந்திருக்கிறது என்று கணிக்க இன்று பயன்படும் பார்வைப் பதிவுக் கணக்கும் மேலே சொன்ன உயிர்ச்சுவட்டுக் கணக்கும் அடிப்படையில் ஒன்றேதான்.

அடுத்தது வடிவம். 1939இல் இலங்கை விலங்கியலாளர் பி.ஈ.பி. தெரணியகல குருவிட்டையில் கிடைத்த பல்லைக் கொண்டு இலங்கைச் சிங்கத்தை ஒரு தனி உபஇனமாக விபரித்தார். பல் மட்டும் போதுமா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றினால் நல்லது. பல்லின் வடிவம் சிங்கத்துக்குச் சிங்கம் எவ்வளவு மாறும் என்று அளந்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும். இதற்குத்தான் வடிவ அளவையியல். ஒத்த இடங்களில் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு மாதிரியின் இடம், பருமன், திரும்பியிருக்கும் கோணம் மூன்றையும் கணக்கில் நீக்கினால் மிஞ்சுவது வடிவம் மட்டும். பிறகு வேறுபாடு எந்தத் திசைகளில் அதிகம் என்று பார்க்கலாம். புள்ளி வைக்க டிபிஎஸ்டிக், பகுப்பாய்வுக்கு மோர்ஃபோஜே, அல்லது புள்ளிவிபர வேலைக்கான ஆர் (R) என்ற கணினி மொழியில் ஜியோமோர்ஃப். எல்லாமே இலவசம்.

இதைப் பழக உங்களுக்குச் சிங்கப் பல் வேண்டாம். வீட்டு இஸ்தோப்பிலிருந்து இறங்கினால் போதும். ஆபிரிக்கப் பெருநத்தை 1900 அளவில் வட்டவளைக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. இன்று தேயிலைச் செடிக்கடியில், கான் ஓரத்தில் வெற்று ஓடு கிடக்காத தோட்டம் குறைவு. உங்கள் தோட்டத்தில் முப்பது ஓடு, கினிகத்தேனையில் முப்பது, கித்துல்கலையில் முப்பது பொறுக்குங்கள். ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கைபேசியிலேயே படமெடுங்கள். ஒவ்வொரு ஓட்டையும் எடுத்து வைத்து மீண்டும் படமெடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கை நடுக்கத்துக்கும் நத்தையின் வேறுபாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உயரம் மாற வடிவம் மாறுகிறதா? மாறினால், அது உயரத்தாலா, வெறுமனே அங்கே குட்டி நத்தைகள் அதிகம் இருந்ததாலா? பருமனையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் தெரியும். கையுறை போடுங்கள், உயிருள்ள நத்தையைத் தொடாதீர்கள். மூளையுறையைப் பாதிக்கும் எலிப்புழு அதிலிருந்து பரவும்.

இந்த ஓடுகளிலேயே இன்னொரு ஆய்வு இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். தேயிலை மண் அமில மண், ஓடு சுண்ணாம்பு. அப்படியானால் நம் தோட்டங்களில் செத்த நத்தையின் ஓடு எவ்வளவு நாள் மிஞ்சும்? பெருநத்தையின் தடித்த ஓடும் நம் நாட்டுச் சிறு நத்தைகளின் மெல்லிய ஓடும் ஒரே வேகத்திலா கரைகின்றன? கரையும் வேகம் வேறானால், தரையில் கிடக்கும் ஓடுகளை எண்ணி அங்கே எது அதிகம் வாழ்ந்தது என்று முடிவு கட்டுபவர் ஏமாந்துபோவார். கவ்வாத்தை ஒட்டி மண்ணின் அமிலம் தணிக்க டொலமைட் போட்ட மலையிலும், போட்டுச் சில வருடமான மலையிலும், பக்கத்துக் காட்டிலும், முன்பே எடை பார்த்த ஓடுகளை வலைப்பையில் போட்டுப் புதைத்து, மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவி உலர்த்தி நிறுங்கள். செலவு, ஒரு சிறு மின் தராசும் கொஞ்சம் நைலோன் வலையும். உயிர்ச்சுவடாவது எப்படி, எது மிஞ்சும், எது போகும் என்று படிக்கிற பிரிவுக்கு இது நேரடியான வேலை. உயிருள்ள கூட்டத்தையும் செத்த ஓடுகளின் கூட்டத்தையும் ஒப்பிட்டு, மனிதர் நிலத்தை எவ்வளவு மாற்றினார்கள் என்று அளப்பதை சூசன் கிட்வெல் போன்றவர்கள் கடற்கரைச் சிப்பிகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். தேயிலை மலையில் செய்தால் கேள்வி முழுக்க உங்களுடையது. சுதேச நத்தைகளைத் தொடுவதானால், வெற்று ஓடானாலும், முன்கூட்டி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் அனுமதி பற்றிக் கேளுங்கள். தோட்ட நிலம் என்றால் துரையிடமும் ஒரு வார்த்தை.

எந்த இனம் எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் கூர்ப்பு மரங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நக்கிள்ஸ் மலையில் மூக்கில் இலைபோல் ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கும் ஓணான், நுவரெலியாப் பக்கம் காண்டாமிருகக் கொம்புபோல் வைத்திருக்கும் ஓணான், கொம்பே இல்லாத அவற்றின் சொந்தங்கள் எல்லாம் செரட்டோபோரா என்ற ஒரே சாதி, இலங்கைக்கு மட்டும் உரியது. கொம்பு ஒரு தரம் தோன்றிச் சிலவற்றில் மறைந்ததா, தனித்தனியாகப் பல தரம் தோன்றியதா? டீ.என்.ஏ. மரத்தின் மேல் கொம்பை வைத்துக் கணக்கிடாமல் பதில் இல்லை. இந்த இடத்தில் ஜோசப் ஃபெல்சன்ஸ்டீன் 1985இல் காட்டிய ஒரு பொறியைச் சொல்ல வேண்டும். பத்து மரத்தவளை இனங்களை அளந்து, உயரமான இடத்தவை பெரியவை என்று கண்டால், அது பத்துத் தனித் தரவு அல்ல. அந்தப் பெரியவை எல்லாம் பெரிய உடலுள்ள ஒரே மூதாதையிலிருந்து வந்து அதே மலையில் தங்கியவையாக இருக்கலாம். உறவைக் கணக்கில் சேர்க்காத தொடர்புக் குணகம் எதையும் நிரூபிக்காது. கூர்ப்பு மரத்தின் கிளைகள் எப்போது பிரிந்தன என்று காலம் இடுவதற்கு உயிர்ச்சுவடு தேவை. முன்பெல்லாம் ஓரிரு உயிர்ச்சுவட்டை எல்லையாக வைத்துக் காலம் சொன்னார்கள். 2014இல் வந்த மாதிரியுரு, இனங்கள் பிறப்பது, அழிவது, உயிர்ச்சுவடாக அகப்படுவது மூன்றையும் ஒரே நிகழ்தகவுக் கணக்குக்குள் கொண்டுவந்தது. பீஸ்ட், ரெவ்பேயஸ் போன்ற இலவச மென்பொருள்களில் இதைச் செய்யலாம். நம் மரத்தவளைகளின் மூதாதை இந்தியாவிலிருந்து சுமார் 3 கோடி ஆண்டுக்கு முன் வந்தது என்ற மதிப்பீடும் இத்தகைய காலமிட்ட மரத்திலிருந்து வந்ததுதான்.

மாற்றத்தின் போக்கு பற்றி ஒன்று மட்டும். ஓடு காலப்போக்கில் பெரிதானது என்று ஒரு கோட்டைப் பார்த்ததும் நமக்கு இயற்கைத் தேர்வு ஞாபகத்துக்கு வரும். ஜீன் ஹண்ட் 2007இல் உயிர்ச்சுவட்டு வரிசைகள் 250க்கு மேல் எடுத்து, மாறாமல் நின்றதா, இலக்கில்லாமல் அலைந்ததா, ஒரு திசையில் போனதா என்று மூன்று மாதிரியுருக்களை ஒப்பிட்டார். ஒரு திசையில் போனதென்று தெளிவாகக் காட்டியவை சுமார் 5 வீதம்தான். இதை வாசித்த பிறகு குதிரை படிப்படியாகப் பெரிதானதாகக் காட்டும் பாடப்புத்தகப் படத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளி மகரந்தத்துக்கும் தனிப் பொறி உண்டு. வீதங்கள் எப்போதும் நூறாகவே கூடும். புல் மகரந்தம் உண்மையில் பெருகினாலே போதும், மரங்கள் ஒன்றும் குறையாமலே வரைபில் குறைந்ததாகத் தெரியும். அதோடு காற்றில் மகரந்தம் விடும் புல் கொட்டித் தள்ளும், பூச்சியை நம்பும் மரம் சிக்கனமாக விடும். இரத்தினபுரிச் சரளையில் சிக்கல் வேறு வகை. ஆறு பல காலத்து எலும்புகளைப் புரட்டி ஒரே படையில் போட்டிருக்கலாம் என்பதால், நீர்யானையும் சிங்கமும் ஒரே நாளில் ஒரே கரையில் நின்றதாகக் கற்பனை செய்ய முடியாது.

இனிப் பயிற்சி. பேராதனையில் விலங்கியல், புவிச்சரிதவியல், புள்ளிவிபரவியலும் கணினி விஞ்ஞானமும் ஆகிய துறைகள் ஒரே பீடத்துக்குள் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை. உங்கள் பாடத் தெரிவில் இடமிருந்தால் புள்ளிவிபரவியலைக் கட்டாயம் எடுங்கள். புவிச்சரிதவியலில் படையியலும் அடையற் பாறையும் வரும் பாடத்துக்குப் பதிய முடியாவிட்டாலும், விரிவுரையாளரிடம் கேட்டுவிட்டு பின் வரிசையில் உட்காரலாம். விசேட பட்டம் கிடைத்தால் நாலாம் வருட ஆய்வுக்கு மேலே சொன்ன ஓடு வேலை நன்றாகப் பொருந்தும். அப்புறம் அதே வளாகத்தில் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது, ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. உயிரின் வேதியியல் தோற்றத்தை ஆராய்ந்த சிறில் பொன்னம்பெரும 1980களில் தலைமை தாங்கிய இடம் அது. குகை மனிதர், அவர்கள் வேட்டையாடிய குரங்கு, மலையணில் என்று ஈடுபாடு போனால் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தொல்லியல் பட்டப்பின் நிறுவகம்.

வெளிநாட்டில் இதற்கென்றே பெயர்பெற்ற பட்டறை ஜேர்மனியின் ஏர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் நடப்பது. பெரும்பாலும் பட்டப்பின் மாணவருக்கானது, ஆகவே உங்களுக்கு அது இப்போதைக்கு இலக்கு, அவசரமில்லை. அங்கே கற்பிக்கும் முறைகளுக்கான ஆர் பொதிகள் யாருக்கும் திறந்தவை. பீஸ்ட் பயிற்சிப் பட்டறைகளின் பாடங்களும் ரெவ்பேயஸ் பாடங்களும் அப்படியே இணையத்தில் கிடக்கின்றன. 1998இல் தொடங்கிய பேலியோபயோலஜி டேட்டாபேஸ் என்ற தரவுத்தளத்தில் பத்து இலட்சத்துக்கும் மேலான உயிர்ச்சுவட்டுப் பதிவுகளைச் சதம் செலவில்லாமல் இறக்கலாம். முதுமாணிக்கு ஜேர்மனியின் டி.ஏ.ஏ.டி., ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ் புலமைப்பரிசில்களைக் கவனித்துக்கொண்டு வாருங்கள்.

கற்கும் வரிசையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பலர் நேரே பீஸ்டைத் திறந்து, பாடத்தில் உள்ள பொத்தான்களை அழுத்தி, அழகான மரம் வந்ததும் கற்றுவிட்டோம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் நிகழ்தகவும் மாதிரியெடுப்பும். பிறகு ஆர் மொழியில் பொய்த் தரவு உருவாக்கப் பழகுங்கள்: ஆயிரம் இனங்களை நீங்களே கணினியில் பிறப்பித்து, அழித்து, பத்தில் ஒன்றை மட்டும் உயிர்ச்சுவடாக்கி, மிஞ்சியதை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். உண்மை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் முறை எங்கே ஏமாற்றுகிறது என்று கையோடு தெரிந்துவிடும். உங்கள் கணக்குப் பயத்துக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. நிறுவல் எழுத வராதவர்கள்கூட இப்படிச் செய்து பார்த்து நிகழ்தகவைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆர் பயமாக இருந்தால் பாஸ்ட் என்ற இலவச மென்பொருளில் ஆரம்பியுங்கள், ஹாமர் என்ற நோர்வே ஆய்வாளரும் கூட்டாளிகளும் உயிர்ச்சுவட்டியல் மாணவருக்கென்றே 2001இல் வெளியிட்டது. பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தமிழ்மூலம் உயர்தரம் எடுத்தவர்களுக்கு அது இருக்கும் என்று தெரியும். ஆர் தரும் பிழைச்செய்திகளின் ஆங்கிலம் சின்ன ஆங்கிலம், சில மாதத்தில் பழகிவிடும்.

அதோடு, முறை மட்டும் தெரிந்தவராக வராதீர்கள். அடுத்தவர் தரவில் கணக்கு ஓட்டுபவர்கள் உலகில் நிறைய. ஒரு நத்தையைக் கையில் எடுத்ததும் இது இன்னது, இது வளர்ந்தது, இந்த முறிவு செத்த பிறகு வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு, அதுவும் நம் பிரதேசத்தில். இதில் ஒரு நியாயப் பிரச்சினையும் இருக்கிறது. நுசைபா ராஜாவும் சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, முப்பது ஆண்டுகளில் பேலியோபயோலஜி தரவுத்தளத்துக்கு வந்த உயிர்ச்சுவட்டுத் தரவில் 97 வீதம் வருமானம் கூடிய, அல்லது நடுத்தரத்துக்கு மேலான வருமானமுள்ள நாடுகளின் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. ராஜா மொரீசியஸைச் சேர்ந்தவர். இலங்கை என்று போட்டுத் தேடிப் பாருங்கள், இந்தியாவுடன் ஒப்பிட வருவது எவ்வளவு கொஞ்சம் என்று தெரியும். அந்த இடைவெளியை நிரப்பத் தரவு சேகரிக்கத் தெரிந்த ஆட்கள் இங்கிருந்தே வர வேண்டும்.

மேற்பார்வையாளருக்கு எழுதும்போது, “எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். ஓடுகளின் தரவை ஒரு அட்டவணையாகவும் ஒரு வரைபாகவும் ஆக்கி, உங்கள் ஆர் கட்டளைக் கோப்பையும் சேர்த்து, ஒரு பக்கக் குறிப்போடு அனுப்புங்கள். எந்த எடுகோளில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்பதையும் அதில் எழுதுங்கள். படிக்கிறவர் முதலில் நின்று பார்ப்பது அந்த வரியைத்தான்.

அம்மாவின் கேள்விக்கு: உயிர்ச்சுவட்டியலாளர் தேவை என்று இலங்கைப் பத்திரிகையில் விளம்பரம் வருவதை எதிர்பார்க்க வேண்டாம். பல்கலைக்கழக விரிவுரையாளர், ஆய்வு உதவியாளர் பதவிகள் சில உண்டு, போட்டியும் உண்டு. ஆனால் ஆர் மொழியும் மாதிரியெடுப்பும் தெரிந்த உயிரியல் பட்டதாரிக்குத் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் போன்ற இடங்கள், சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், கொழும்பில் தரவுப் பகுப்பாய்வு வேலைகள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கும் தகுதி வரும். நத்தை பொறுக்குவதைப் பார்த்து வீட்டில் சிரித்தால், இந்தக் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.